13 வயது சான்ட்ரோவுக்கு எந்த இன்ஷூரன்ஸ்?

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுடுடா, போதும். வண்டியே எழுபதாயிரத்துக்குத் தாண்டாது. அதுக்கு எதுக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ்?"

அப்பா இதைச் சொன்னது 2025 பிப்ரவரி கடைசியில். தேர்டு பார்ட்டி என்பது நாம் இடித்த அடுத்தவருக்கான நஷ்டத்துக்கு மட்டும், ஃபுல் என்பது அதோடு நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து. பாலிசி முடிய மூன்று வாரம் இருந்தது. வண்டி 2012 மார்ச்சில் அவர் வாங்கிய சான்ட்ரோ. ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இதுவரை அறுபத்து நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மடிப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர், அம்மாவின் முட்டி வலிக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி, வருஷத்துக்கு இரண்டு தடவை கும்பகோணம். இவ்வளவுதான் அதன் ஓட்டம். விற்கிற எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அப்பா சொன்னது சரி என்றுதான் பல வருஷம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டாலும் இதே வாய்ப்பாடுதான்: புது வண்டிக்கு பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் பிடிக்காமல் தருவது), ஐந்து வருஷம் ஆனால் சாதாரண ஃபுல், பத்து வருஷம் தாண்டினால் தேர்டு பார்ட்டி. வண்டியின் விலை இறங்க இறங்க இன்ஷூரன்ஸையும் இறக்கிக்கொண்டே வர வேண்டியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் வண்டி மட்டும்தான் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மா இல்லை. வண்டிக்கு வயசாகி விலை குறையலாம், அதில் ஏறி உட்காருகிறவர்கள் விலை குறைவதில்லையே. எனக்கு இது உறைக்க இரண்டு சம்பவம் வேண்டியிருந்தது. ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது, இன்னொன்று கூட வேலை பார்க்கும் நண்பருக்கு.

முதலில் எங்கள் கதை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெரு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம், கொஞ்சம் தாழ்வான இடம். 2015-ல் ஒருமுறை பட்டிருந்தும், அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியை மேட்டில் கொண்டு போய் விட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. விடிந்து பார்த்தால் கீழ்த்தளத்தில் சீட் உயரத்துக்குத் தண்ணீர். மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு எதிர் ஃபிளாட் அண்ணன் பதற்றத்தில் தன் வண்டியில் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்த்து, கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜின் பூட்டிக்கொண்டது. அவருடைய கம்பெனி இன்ஜினுக்குப் பணம் தரவில்லை. வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் வேறு, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய வண்டிகளுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் அதைத் தருவதே இல்லை. தண்ணீர் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

நாங்கள் தொடவில்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஃபுல் இன்ஷூரன்ஸ்தான், அப்பாவின் பழைய ஏஜென்ட் பழக்கத்தில் புதுப்பித்துக்கொண்டே வந்தது. ஊரெல்லாம் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரப் பதினோரு நாள் ஆனது. அதுவரை வண்டி வேளச்சேரியில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. தரைக் கார்ப்பெட்டை உரித்து வெளியே வெயிலில் விரித்திருந்தார்கள். அதன் அடியில் இருந்த பஞ்சு விரல் கனத்துக்குச் சேற்றைக் குடித்திருந்தது. மெக்கானிக் அதைக் கையால் அழுத்திக் காட்டினார், கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது. "இதைக் காய வெச்சுத் திரும்பப் போட்டா ஒரு மாசத்துல நாறும் சார், மாத்திடுங்க" என்றார். மாற்றினோம்.

பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். வரியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். கார்ப்பெட்டும் உள் டிரிம்மும் 6,400. பேட்டரி 4,200. ஸ்டார்ட்டர் மோட்டார் 5,800. ஆல்டர்நேட்டர் 7,200. நாலு சக்கர பேரிங் 3,600. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்து 3,100. கூலி 9,500. ஆக மொத்தம் 39,800 ரூபாய். இன்ஷூரன்ஸிலிருந்து வந்தது 22,100.

மீதி எங்கே போனது? ஃபுல் இன்ஷூரன்ஸ் என்கிற பேரை நம்பி இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். மாற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் பிடிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு வண்டி புதுசானாலும் பழசானாலும் 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பார்த்து: முதல் ஆறு மாதம் பிடித்தமில்லை, போகப் போக ஏறி, ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை 40, பத்தைத் தாண்டினால் 50. கண்ணாடிக்குப் பிடித்தமே கிடையாது. ஆயில், கூலன்ட் மாதிரிச் செலவாகிப் போகும் பொருட்களுக்குப் பணமே கிடையாது. கூலி முழுசாக வரும். கடைசியில் 1500 சி.சி. வரை உள்ள வண்டியென்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. எங்கள் வண்டிக்குப் பதினொன்றே முக்கால் வயசு. அதனால் எல்லாப் பாகமும் பாதிக்குப் பாதி. பேட்டரிக்கு 2,100, ஸ்டார்ட்டருக்கு 2,900, ஆயிலுக்கு ஒன்றுமில்லை. இப்படி வரிவரியாகக் கூட்டி, கூலியைச் சேர்த்து, ஆயிரத்தைக் கழித்தால் 22,100.

இந்தப் பாதிப் பிடித்தத்தை நீக்குவதுதான் பம்பர் டு பம்பர் என்று ஊரில் சொல்லும் ஜீரோ டெப். அதுவும் பழைய வண்டிக்குக் கிடைப்பது அரிது.

முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தர மாட்டோம் என்றுகூடச் சொன்னார்கள். பழைய தேய்மானம், வெள்ளத்தால் வந்ததில்லை என்றார் சர்வேயர். கழற்றின மோட்டாரை மெக்கானிக் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார். உள்ளே சேறு உறைந்திருந்ததைப் படமெடுத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா தளத்தில் புகார் போடலாம். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரைக்கும் கேட்கலாம். கழற்றின பாகத்தை கிளெய்ம் முடிகிற வரைக்கும் ஷெட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், சாட்சி அதுதான்.

அந்த கிளெய்முக்கு இன்னொரு விலையும் உண்டு. அப்பா அதுவரை சேர்த்து வைத்திருந்தது 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் எடுத்ததும் சைபர். திரும்ப 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்கு வர ஐந்து வருஷம். எங்கள் வண்டிக்கு ஒரு லட்சம் மதிப்பு வைத்தால் போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி) பிரீமியம் சுமார் 3,500 ரூபாய். அந்த 50 கைவிட்டுப் போனதால் ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது எவ்வளவு என்று உட்கார்ந்து கூட்டினேன்: 1,750, 1,050, 875, 525, 175. மொத்தம் 4,375. வெள்ளத்துக்கு 22,100 வாங்கியது லாபம்தான். ஆனால் பம்பர் உடைந்து ஆறாயிரம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதி, பெயின்ட் பொருளுக்குப் பாதி, கழிவு ஆயிரம் எல்லாம் போக, கையில் மூவாயிரம் வந்தால் அதிகம். அதை வாங்கி 4,375-ஐ இழப்பது நஷ்டம். பழைய வண்டிக்காரர் சின்ன அடிக்கு கிளெய்ம் போகவே கூடாது, டிங்கரிங் கடையில் கைக்காசு கொடுத்து முடித்துவிட வேண்டும்.

இதுவரை படித்தவர்களுக்கு, அப்பா சொன்னதுதானே சரி, எல்லாம் பாதிதான் தருகிறான் என்றால் ஓன் டேமேஜ் எதற்கு என்று தோன்றும். எனக்கும் 2024 முழுக்க அப்படித்தான் தோன்றியது. அந்த மார்ச்சில் பழக்கத்தில் ஃபுல் போட்டுவிட்டேன், அடுத்த வருஷம் தேர்டு பார்ட்டிக்கு இறங்கிவிடலாம் என்று மனசுக்குள் முடிவும் செய்திருந்தேன்.

அதை மாற்றியது நண்பரின் வண்டி. அவருடையதும் பழைய வண்டிதான், பதினாலு வயசு. தேர்டு பார்ட்டி மட்டும். மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மதுராந்தகம் தாண்டி வண்டி சறுக்கி நடுத் தடுப்பில் மோதியது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. அவருக்குக் கையில் தையல். பின் சீட்டில் இருந்த மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், இரண்டு மாதம் படுக்கை, வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தது என்று லட்சங்கள் போயின. "நாமதான் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கோமே" என்று வக்கீலைப் பார்க்கப் போனார், துணைக்கு நானும் போனேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் ஸ்மால் காசஸ் கோர்ட்டு இருக்கிறதே, சென்னையின் மோட்டார் விபத்து வழக்குகள் அங்கேதான் நடக்கின்றன. வக்கீல் பாலிசித் தாளை வாங்கி, தலைப்பை மட்டும் பார்த்தார். "லயபிலிட்டி ஒன்லி" என்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ரோட்டுல போறவரை நீங்க இடிச்சிருந்தா கம்பெனி கொடுக்கும் சார். உங்க வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இந்த பாலிசியில கொடுக்கணும்னு இல்ல."

நண்பர் நம்பவில்லை. நானும்தான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு அது. நாம் இடித்ததில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ கோர்ட்டு சொல்லும் தொகைக்கு வரம்பே இல்லை, கம்பெனி கட்டும். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் 7.5 லட்சம் வரை. ஆனால் சொந்தக் காரில் இலவசமாக ஏறி வருகிற அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரும் அந்தக் கட்டாயப் பாலிசியின் மூன்றாம் நபருக்குள் வருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் என்று சொல்வது, அப்படியில்லை. அதில் காரில் இருப்பவர்களுக்கான பொறுப்பும் அடக்கம் என்று 2009 நவம்பரில் ஐ.ஆர்.டி.ஏ. (இன்றைய ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னது: கட்டாயப் பாலிசி வேறு, பேக்கேஜ் பாலிசி வேறு, பேக்கேஜில் காருக்குள் இருப்பவர்களும் அடங்குவார்கள்.

எதிரே வந்த லாரிக்காரர் மேல் தப்பென்றால் அவருடைய பாலிசி நம் ஆட்களுக்குக் கொடுக்கும், அது வேறு. நாமே சறுக்கினால், நாமே மரத்தில் மோதினால், நம் மேல் தப்பென்றால், தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருக்கிற வண்டிக்குள் இருக்கும் அம்மாவுக்கு யாரும் இல்லை. பழைய வண்டியில்தான் பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், பழைய வண்டியில்தான் ஏர்பேக் இருக்காது. எங்கள் சான்ட்ரோவில் இல்லை. ஆக உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு எந்த வண்டியில் அதிகம் வேண்டுமோ அந்த வண்டியிலிருந்துதான் அதை முதலில் எடுக்கச் சொல்கிறது ஊர் வழக்கம். எனக்கு இது மனசு ஆறவே இல்லை. புதுப்பிக்கிற நேரத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நண்பர் வருஷத்துக்கு நாலாயிரம் கூடுதலாகக் கட்டியிருப்பார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் பதின்மூன்று வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உங்கம்மாவுக்கு எதுவும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அதோடு தேர்டு பார்ட்டிப் பேச்சு முடிந்தது.

பேக்கேஜ் என்று முடிவானதும் அடுத்த கேள்வி மதிப்பு, ஐ.டி.வி. வண்டி திருடு போனாலோ முழுசாக அழிந்தாலோ கம்பெனி தரும் தொகை அது. புது வண்டிக்கு இதற்கு அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, நாலிலிருந்து ஐந்து வருஷத்தில் 50 சதவீதம். ஐந்து வருஷம் தாண்டினால் அட்டவணை கிடையாது, கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்வதுதான். பேசி வைப்பது என்று எழுதியிருக்கிறதே தவிர, இணையத்தில் பார்க்கும்போது யாரும் பேசுவதில்லை. ஒரு கம்பெனி 52,000 என்று தானாகவே போட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டியது. இன்னொன்றில் 1,15,000 வரை ஏற்ற முடிந்தது. குறைந்த பிரீமியத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அழுத்தியிருந்தால் 52,000-த்தில் மாட்டியிருப்பேன்.

இதில் என்ன ஆபத்து என்றால், ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடலாம். 52,000 மதிப்பு வைத்தால் அந்தக் கோடு 39,000. மிக்ஜாமில் எங்கள் பில் 39,800 என்பதைப் பாருங்கள். அன்றைக்கு ஐ.டி.வி. 52,000-ஆக இருந்திருந்தால், நன்றாக ஓடக்கூடிய, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி, முழு நஷ்டம் என்று பேர் வாங்கிக் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஒரு லட்சம் வைத்தால் கோடு 75,000-க்குப் போகிறது. விற்கப் போகிறவருக்கு ஐ.டி.வி. ஒரு விலை. வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு, வண்டி எவ்வளவு அடியைத் தாங்கலாம் என்கிற அனுமதி அது. அதற்காக இரண்டு லட்சம் என்று ஏற்றவும் முடியாது, ஏற்றவும் கூடாது. நம் பக்கத்தில் அதே வருஷத்து வண்டி நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு இடத்தில் விசாரித்து, அதைச் சொல்லிக் கேட்டேன். ஒரு லட்சத்துக்கு வந்தது.

தேர்டு பார்ட்டிப் பகுதியில் பேரம் பேச ஒன்றுமில்லை. அரசு நிர்ணயிக்கிற தொகை, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். 2022 ஜூனிலிருந்து 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000-லிருந்து 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. சான்ட்ரோ 1086 சி.சி. என்பதால் 3,416. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

அடுத்தது ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. இதில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, பல வீடுகளிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்.சி. அப்பா பேரில். அவருக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை, ஓட்டுவதும் இல்லை. ஓட்டுவது நான். அந்தக் காப்பீடு, ஓனராகவும் இருந்து செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருப்பவருக்குத்தான். அப்பா ஓனர், லைசென்ஸ் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓனர் இல்லை. வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்டினோம், அது எங்கள் இரண்டு பேருக்குமே உதவியிருக்காது. அடுத்தவர் வண்டியை அனுமதியோடு ஓட்டுபவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார் என்று நீதிமன்றங்கள் சொல்லிவருவதால், மூன்றாம் நபர் என்று கேட்கவும் எனக்கு வழியில்லை.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அப்பாவை இருபது வருஷமாகத் தெரிந்தவர், என்னைத் தம்பி என்பார். "அப்ப ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்திடுங்க தம்பி. இதுதான் நேரம். இருக்கிற போனஸ் அப்பா பேர்ல இருக்கிறது, உங்களுக்கு வராது. இருபது பர்சென்ட்தானே, போகட்டும்" என்றார். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். ஐம்பது இருந்திருந்தால் யோசித்திருப்பேன், இருபதுக்கு யோசிக்கவில்லை. பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தோம். பேர் மாறின பிறகு பழைய பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதி தானாக நமக்கு வராது, பதினாலு நாளைக்குள் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பழைய பாலிசிக்கு மிச்சம் ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளும் வண்டியை வெளியே எடுக்கவில்லை, அம்மா ஆட்டோவில் போய் வந்தார்.

மற்றதெல்லாம் சில்லறை. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கு ஆளுக்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, ஐந்து பேருக்கு 500 ரூபாய். இது தப்பு யார் மேல் என்று பார்க்காமல் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் கிடைப்பது, அதனால் நான் விடவில்லை. கும்பகோணத்துக்குப் போகும்போது ஆக்டிங் டிரைவர் வைப்போம், சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கான பொறுப்புக்கு 50 ரூபாய். சின்ன அடிக்கு கிளெய்ம் போகப் போவதில்லை என்று தீர்மானமானதால், முதல் 2,500 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்து ஓன் டேமேஜில் 700 ரூபாய் குறைத்துக்கொண்டேன். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று திரையில் வந்த சேர்க்கைகளை எல்லாம் விட்டுவிட்டேன்.

வரியோடு 8,373 ரூபாய் வந்தது. தேர்டு பார்ட்டியும் ஓனர்-டிரைவர் காப்பீடும் மட்டும் என்றால் 4,420. இடையில் இருப்பது 3,953. அதற்குள் அம்மா இருக்கிறார், வர்தா மாதிரி ஒரு புயலில் மரம் விழுந்தால் அது இருக்கிறது, திருட்டு இருக்கிறது, மறுபடியும் வெள்ளம் வந்தால் பாதிப் பணமாவது இருக்கிறது.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஒருவரே ஓட்டி, தனியாகவே போய்வருபவர், மேடான பகுதியில் இருப்பவர், அடுத்த வருஷம் விற்கப் போகிறவர் தேர்டு பார்ட்டியோடு நிற்கலாம், தனி விபத்துக் காப்பீடு ஒன்று கட்டாயம் வைத்துக்கொண்டு. ஆனால் பாலிசியே இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிட, அந்த ஒரு நாளில் ஒருவரை இடித்துவிட்டால் வரம்பில்லாத அந்தத் தொகையை நாம்தான் கட்ட வேண்டும், வீட்டை விற்றாவது. தொண்ணூறு நாள் விட்டால் போனஸும் போய்விடும்.

எங்கள் வண்டிக்கு 2027 மார்ச்சில் பதினைந்து வருஷம் முடிகிறது. அப்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. தரையில் துருவைப் பார்த்துவிட்டு அப்போது முடிவு செய்வோம். ஆர்.சி. காலாவதியான வண்டிக்கு எந்த பாலிசி வைத்திருந்தும் கிளெய்மில் சிக்கல்தான் என்பதால் தேதியைச் சமையலறைக் காலண்டரில் அம்மா இப்போதே குறித்துவிட்டார்.

புது பாலிசி வந்ததும் அப்பா தன் பழக்கப்படி ஜெராக்ஸ் எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓனர் என்ற இடத்தில் என் பேரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். தேர்டு பார்ட்டி, ஓன் டேமேஜ் எல்லாம் தாண்டி, பயணிகள் வரியில் விரலை வைத்து, "அஞ்சு பேருக்கும்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளை மடித்து டேஷ்போர்டில் ஆர்.சி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கே வண்டியை வேளச்சேரிப் பாலத்துல ஏத்திடணும். போன வருஷம் இடமே கிடைக்கல. நான் காலையிலேயே உன்னை எழுப்பிடறேன்."